வெள்ளிக்கிழமைக் கடல்

என் வீட்டுக்காரர் ஜலாலுதீனுக்கு எதையாவது யாருக்காவது காட்டாவிட்டால் சோறு இறங்காது. செங்கல்பட்டுக்காரர். வீட்டோடு மாப்பிள்ளையாகக் கடப்பாக்கம் வந்து, பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை போட்டவர். இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாத புளியமரத்தையெல்லாம் வருகிறவர் போகிறவருக்குக் காட்டிக்கொண்டிருப்பார். அப்படித்தான் எழுபத்து நாலில், கோடை வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், யோஹனுக்கு எங்கள் கடலைக் காட்டிவிட்டார்.

யோஹன் ஹாலந்துக்காரர். தாடியும் வேட்டியுமாக இருப்பார். மாமல்லபுரத்தில் கொஞ்ச காலம் தங்கிவிட்டு வந்தவர். அங்கே எல்லாம் கெட்டுப்போய்விட்டதாம். கல் பொம்மை விற்கிறவர்கள் விடாமல் துரத்துகிறார்களாம், எங்கே திரும்பினாலும் வெள்ளைக்காரர்களாம். இதை அவர் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்குச் சிரிப்பு. மனிதக் கால் படாத ஒரு கரை இருக்கிறதா என்று டீக்கடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"ஏன் இல்ல? இடிஞ்ச கோட்டைக்குத் தெக்கால, சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட கீதே! ஒரு ஈ காக்கா இருக்காது" என்று இவர் உடனே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. மீன்காரர்களின் படகுகள் கோட்டைக்கு வடக்கே ஒதுங்கும். தெற்கே யாருக்கும் வேலையில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம், ஆண்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் போனதும், எங்கள் தெருப் பெண்கள் தோப்பு வழியாக அங்கே போவோம். கட்டிய புடவையோடு தண்ணீரில் இறங்குவோம். பக்கத்து வீட்டுச் சைதூன் மாமி தன் மாமியார் நடப்பதைப் போல அலையில் நடந்து காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆண்கள் திரும்பும்போது நல்ல பிள்ளைகளாகச் சோறு பரிமாறிக்கொண்டிருப்போம்.

என் உம்மா காலத்திலிருந்தே இப்படித்தான். ஊர் ஆண்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். வெளியூர் மாப்பிள்ளையிடம் இதை யார் போய்ச் சொல்வது? என் ஈரத் தலையைப் பார்த்து, வெள்ளிக்கிழமைக் குளியல் என்றே இவர் நினைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோப்பைத் தாண்டினால், எங்கள் மணலில் ஓலைக் குடிசை. யோஹன் அரைத் துணியோடு படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, அன்பாகக் கையை ஆட்டினார். நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு திரும்பினோம். அதற்கடுத்த வாரமும் அதே கதைதான்.

"உன் மாப்பிள்ளதானே கூட்டியாந்து வுட்டாரு? நீயே இன்னான்னு கேளு" என்றாள் சைதூன் மாமி.

கேட்பது லேசா? சொன்னால் ஒரு ஆணின் வாயில் அது பேச்சாகிவிடும். சொல்லாவிட்டால் கடலே போய்விடும். வாரம் முழுக்க அடுப்பும் மாவரைப்பும் கடைக்கு வடை சுடுவதுமாக நான் ஓட்டியது அந்த ஒரு மதியத்துக்காகத்தான். வேறெங்கும் நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை. கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "முன்னாடியே சொல்லக் கூடாதா லத்தீஃபா?"

"சொல்ற விஷயமா மச்சான் அது?"

அன்றைக்கே போய் யோஹனிடம் பேசினார். பாவம், அந்த வெள்ளைக்காரரும் நல்ல மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். தானே குடிசையைப் பிரித்து, ஓலையைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். ஏறும்போது ஒன்று சொன்னாராம்: இப்படி ஒரு இடம் இருப்பதை மாமல்லபுரத்துச் சினேகிதர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்களுக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. தோப்பைத் தாண்டுகிற இடத்தில், உச்சி வெயிலில், குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றார். என் வீட்டுக்காரர். ஜும்மாவுக்குப் போகாமல் காவலுக்கு வந்திருந்தார். எங்கள் சத்தம் கேட்டதும் சட்டென்று திரும்பி, ஒரு சவுக்கு மரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

"நீங்க தைரியமாப் போங்க. வெள்ளக்காரன் எவனாச்சும் வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார் மரத்திடம். "ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். பள்ளிவாசல்லயும் சொல்லிக்கீறேன். வெள்ளிக்கெழம பொம்பளைங்க குளிக்கிற எடம், ஒருத்தனும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு."

தெரிந்தும் தெரியாதது போலிருந்த ஊரில் அது இப்போது பேச்சாகிவிட்டது. இந்நேரம் பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவனுக்கும் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். சைதூன் மாமி என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். யாராவது அவரைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் திட்ட நினைத்தேன். முடியவில்லை. அவர் பிடரியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. எனக்காகத்தான் நிற்கிறார். அவரைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் போய் நின்றேன்.

"தண்ணி எப்டி கீது?" என்று திரும்பாமலே கேட்டார். எல்லாரும் கூடவே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, குரலில் அத்தனை சந்தோஷம்.

"நல்லா கீது மச்சான்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று தெரியும். அதனால் தாராளமாக அழுதேன்.