போச்சானுக்கு ஒரு சாட்சி

செங்கால் நாரைக்கு எங்கள் போலந்தில் போச்சான் என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். துணி துவைக்கும் கட்டையின் சத்தமும் நாரை அலகு தட்டும் சத்தமும் ஒன்று, பெயர் அதிலிருந்துதான் பிறந்தது என்பது என் கட்சி. பல்கலைக்கழகத்தில் என்னைத் தூரத்தில் பார்த்தாலே சக ஆசிரியர்கள் வேகமாக நடப்பார்கள். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை என் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். கிராமத்து வாயிலிருந்து ஒரே ஒரு சாட்சி கிடைத்தால் போதும், எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம். பியாவிஸ்டோக் பக்கம் பால்மாடு வைத்திருக்கும் லியோகாடியாவின் வீட்டுக் கம்பத்தில் நாரைக்கூடு இருப்பதாகக் கேள்விப்பட்டு சனிக்கிழமை போய் இறங்கினேன். ரொட்டியும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் வைத்தார். பெயரைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா சார், துவைக்கிற கட்டைச் சத்தத்துலேருந்து வந்த பேரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன்.

"உங்க ஊர்ல காலங்காலமா இப்படித்தான் சொல்றாங்களா?"

"அதெல்லாம் தெரியாது. பேப்பர்ல படிச்சேன்." இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவி நீட்டினார். "இந்தத் தடியன்தான் எழுதியிருக்கான். நம்பலாமா சார் இவனை?"

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய படம். தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்தவன் நான். நம்பலாம் என்று ஒரு வார்த்தை சொல்லி, பேப்பர் விஷயத்தை மறைத்துவிட்டால் புத்தகம் பிழைத்துவிடும். வாயில் வெள்ளரிக்காய் இருந்ததால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

"ஆசைப்பட்டு எழுதிட்டான். ஆதாரம் ஒண்ணும் கிடையாது," என்றேன். அவமானமாக இருந்தது.

லியோகாடியா என் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தார். "முடிதான் போயிடுச்சு, மூக்கு அப்படியே இருக்கு. கேட்டைத் திறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுதான் கட்டைச் சத்தம்னு சொன்னீங்களா?"

"இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோட அனுப்ப முடியுமா? போன வருஷம் ஒருத்தர் வந்தார். அவருக்கு வேற கதை சொன்னேன். அவருக்கும் இப்படித்தான் கண்ணு கலங்குச்சு."

காரில் உட்கார்ந்து பதிப்பாளருக்குப் போன் செய்தேன். புத்தகம் வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றேன். காரணம் கேட்பார், கெஞ்சுவார் என்று பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ரொம்ப நல்லது சார்," என்றார் அவர். அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி.