துணைக்கு வந்தவன்

பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது நான் ஏணியில் நின்று தளத்தைத் தாங்க முட்டு நிறுத்திக்கொண்டிருந்தேன். காரைக்குடி கழனிவாசல் பக்கம் ஒரு புது வீடு, சென்ட்ரிங் வேலை. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வண்டியை மணல் குவியல் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“இங்க மாயக்கண்ணன்ங்கிறது யாருப்பா?”

“நாந்தான். என்ன வேணும்?”

“எறங்கி வாங்க தம்பி. நல்ல காரியந்தான்.”

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், வேலை பார்க்கும் இடத்தில் கேட்பார்கள். கூட்டாளியிடம் கேட்பது கடைசியாக. அங்கேயும் சரி என்று வந்துவிட்டால் தட்டு மாற்ற நாள் பார்த்துவிடுவார்கள்.

வந்தவர் பெயர் முத்தையா. பெண்ணுக்குத் தாய்மாமன். மாப்பிள்ளை அரியக்குடி நாகேந்திரன், தச்சுப் பட்டறை வைத்திருக்கிறவர் என்று அவர் சொன்னதும் எனக்கு மனசு நிறைந்துபோனது. என் நாகேந்திரன். துருப் படிந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, அவனைப் பற்றி எதை முதலில் சொல்வது என்று யோசித்தேன். டீ வந்திருந்த நேரம். ஆட்கள் ஏழு பேரும் மேஸ்திரி குமரப்பனும் சுற்றித்தான் நின்றார்கள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. அவரே எல்லாஞ் சொல்லிட்டாரு” என்றார் முத்தையா. “மதுர ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போறாருன்னு எங்க காதுக்கு வந்துச்சு. என்ன ஏதுன்னு கேட்டோம். கூட்டாளிக்குக் கேன்சரு, துணைக்குப் போறேன்னாரு. ஒருத்தன் வேலயப் போட்டுட்டு கூட்டாளிக்காக வருசக்கணக்கா அலையிறான்னா, அவன் கையில பொண்ணக் குடுக்க யோசிக்கவா வேணும்? இருந்தாலும் ஒங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். கொடல்லயாமே?”

டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு இருபத்தெட்டு வயதில் வெளிக்குப் போகையில் ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று சொல்லி எட்டு மாதம் கருணைக்கிழங்கு தின்றேன். மதுரையில் குழாய் விட்டுப் பார்த்துக் குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்து, பின்பக்க வழியைத் தைத்து மூடிவிட்டு, இடது வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டிவிட்டார்கள். இனி எனக்கு அதுதான் வழி.

மருந்து ஏற்றுகிற வார்டில் எல்லாம் வயசாளிகள். “யாருக்குத் தம்பி துணைக்கு வந்திருக்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். கையில் ஊசியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்களை அங்கே ஆலோசனை சொல்கிற அம்மா ஒருநாள் ஓர் அறையில் உட்காரவைத்தார். ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் நாகேந்திரன் பேசினான். அவனுக்கும் குடலில்தான். திருப்பத்தூர் தாண்டி பஸ்ஸில் அவனுக்குப் பை பிய்ந்துகொண்ட கதை. பக்கத்தில் இருந்தவர் “யாரோ கருவாடு கொண்டாந்துருக்காக” என்று சத்தம் போட்டாராம். இவனும் எழுந்து நின்று “ஆமாண்ணே, யாருய்யா அது?” என்று சேர்ந்து சத்தம் போட்டிருக்கிறான். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அவனும் நானும் ஒரே நாளில் மருந்து ஏற்றிக்கொள்ளும்படி தேதி வாங்கினோம். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை. தளம் போட்டால் முட்டுகளைப் பிரிக்கவும் இருபத்தொரு நாள்தான், எனக்குக் கணக்கு மறக்காது. மருந்து ஏறினால் ஒரு வாரத்துக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க முடியாது, முள் குத்தும். இரும்பைத் தொட வேண்டுமென்றால் கையில் துணி சுற்று என்றான். பையில் தண்ணீராகப் போனால் பொட்டுக்கடலை தின்னு என்றான். நான் எழுத்துக் கூட்டப் பழகியது கல்யாணத்துக்குப் பிறகுதான், மருந்துச் சீட்டு ஓடாது. அதையும் அவனே வாசித்துச் சொல்வான். பைக்குச் சம்பந்தி என்று பேர் வைத்தவனும் அவன்தான். பேசக் கூடாத இடத்தில் பேசுவார், நேரத்துக்குக் கவனிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார். என் வயிறு சத்தம் போட்டால் “சம்பந்தி என்னமோ கேக்குறாரு மாப்ள” என்பான். அவனுக்குச் சத்தம் வந்தால் நான் சொல்வேன்.

வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். நான் வேலைத்தலத்தில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். வீட்டில் என் மனைவி அகல்யாவுக்கு மட்டும் தெரியும். போன ஆவணியில் அவனுக்குக் குடலைச் சேர்த்துப் பையை எடுத்துவிட்டார்கள். அன்று வார்டு வாசலில் அவன் அழுதான். எனக்கு எடுக்க முடியாதே என்றுதான் அழுதான்.

முத்தையா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளைக்கு ஒடம்புல கோளாறு ஒண்ணுங் கெடையாதுல்ல தம்பி?”

எட்டுப் பேர் காதும் என் வாயில் இருந்தது. இல்லை, அவனுக்கும் இருக்கிறது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என் பேர் ஏற்கெனவே போய்விட்டது. அவனுடையதையும் ஏன் கெடுக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேனா, அல்லது வாய் தானாகச் சொன்னதா, இன்றைக்கும் தெரியவில்லை.

“எனக்குத்தான் வியாதி. அவன் துணைக்கு வந்தான்.”

முத்தையா என் கையைப் பிடிக்க வந்தார். பாதியில் நிறுத்தி, எட்ட நின்று கும்பிட்டார். “நல்லா இருங்க தம்பி.”

வண்டி போன பிறகு குமரப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். “ஏலே மாயா, கொடலெறக்கம்னில்ல சொன்ன?”

நான் ஏணியில் கால் வைத்தேன்.

“சரி, மேல ஏறாத. அங்குட்டு உக்காந்து சென்ட்ரிங் சீட்டுக்கு ஆயில் தடவு.”

மதியம் எல்லாரும் தூக்குச் சட்டிகளை ஒரே சாக்கில் வைத்து, ஒருவர் குழம்பை ஒருவர் ஊற்றித்தான் சாப்பிடுவோம். அன்றும் என்னை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. புளிக்குழம்புச் சட்டிக்குக் கை நீட்டினேன். “அது ஊசிப்போச்சுப்பா” என்றான் தேவா. சொல்லிவிட்டு அவன் சோற்றில் அதையே ஊற்றிக்கொண்டான். நாலாம் நாள் குமரப்பன், “ஒடம்பத் தேத்திக்க. வேல இருந்தா நானே சொல்லிவிடுறேன்” என்றார். இதுவரை சொல்லிவிடவில்லை.

விசாரிக்க வந்த அன்று சாயங்காலமே நாகேந்திரன் போன் செய்தான்.

“மாப்ள, வந்தாகளா?”

“வந்தாக.”

“என்ன சொன்ன?”

“நீ சொன்னதையே சொன்னேன்.”

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “தெரியும்டா. நீ விட்டுக்குடுக்க மாட்டேன்னு தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ சரின்னுதான் சொல்லுவ. அதுக்கெதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்.”

“எட்டுப் பேரு நின்னாகடா அங்க.”

அவன் குரல் தாழ்ந்தது. “ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சு மாப்ள. அகல்யா பழகிருச்சு. எனக்குப் பையுமில்ல, பாக்குறவனுக்குத் தெரியவுந் தெரியாது. எனக்கு இன்னும் ஒரு வாழ்க்க இருக்கு. ஒனக்கு எப்பிடியும்...”

அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் முடிக்காத அந்த வாக்கியத்தை நான் வேலையில்லாத நாளெல்லாம் முடித்து முடித்துப் பார்த்தேன். அந்த ஐந்து பேர் அறையில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து சிரித்தபோதும், அவன் மனசில் எனக்கு ஒரு கணக்கு, அவனுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. தளம் இறுகுமுன் முட்டுகளைப் பிரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிரித்தவன் கீழே நிற்பதில்லை.

“கொல்லங்குடிக்குப் போயி காச வெட்டிப் போட்டுட்டு வாங்க” என்றாள் அகல்யா. “காளி கேக்கட்டும்.”

துரோகம் செய்தவன் பெயரைச் சொல்லி, அங்கே காளி முன்னால் காசை வெட்டிப் போட்டால் அவள் கேட்பாள் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. காளையார்கோவிலில் பஸ் மாறிப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, நிலத்தை அபகரித்த கொழுந்தன் கால் விளங்காமல் போக வேண்டும் என்று சத்தமாகச் சொல்லி வெட்டினார். என் முறை வந்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டு, அவனுக்கு என்ன வர வேண்டும் என்று யோசித்தேன். எனக்கு வந்தது அவனுக்கும் வரட்டும் என்று கேட்கலாமா? அதுதான் வந்திருக்கிறதே. திரும்ப வரட்டும் என்று கேட்கலாமா? நாக்கு எழவில்லை. இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தச் சொல்லைக் காளி காதில் போட்டால், அவள் ஆள் மாற்றி என்னிடம் வந்துவிடுவாளோ என்று பயம். பின்னால் நின்றவர் “வெட்டுறீகளா, இல்லையா?” என்றார். காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகையைப் போனில் அனுப்பினான். “கூட்டத்துல வந்து அலையாத மாப்ள” என்று கூடவே எழுதியிருந்தான். எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்.

ஆனியில் ஒருநாள் கூப்பிட்டான்.

“பதினாலாந் தேதி எனக்கு ஸ்கேனு.”

“எனக்கு அடுத்த மாசந்தான்.”

“அதுக்குத்தான் கூப்புட்டேன். நீ வந்தாத்தான் நான் கெளம்ப முடியும். வீட்டுல ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்னுதான சொல்லணும்?”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். காசு வெட்ட வேண்டிய வேலையே இல்லை. நான் வீட்டில் இருந்துவிட்டால் போதும். “போகாதீக” என்றாள் அகல்யா. அவன் ஸ்கேன் எடுக்காமல் கிடந்து, நாளைக்கு அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அது என் கையால் வெட்டினது. போனேன்.

பஸ் ஸ்டாண்டில் அவன் தனியாக இல்லை. வயர்க்கூடையோடு அவன் மனைவி நின்றாள். ராஜப்ரியா.

“இவுக வேண்டாம்னுதான் சொன்னாக அண்ணே. ஒங்களப் பாக்கணும்னு நாந்தான் பிடிவாதமா வந்தேன்” என்றாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள். “ஒங்களுக்குத்தான் சோறு கட்டியிருக்கேன். கீரை ஆகாது, தோலோட பருப்பு ஆகாது, கொழகொழன்னு தயிர்ச்சோறு ஆகும்னு இவுக மனப்பாடமாச் சொன்னாக. கூட்டாளிக்கு ஆகாதது இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காகளேன்னு எங்கம்மாவே அசந்துபோச்சு.”

நாகேந்திரன் முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“எங்க முத்தையா மாமா ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல” என்றாள் அவள். “இம்புட்டு நோவோட ஒரு பொய் பேசத் தெரியாத மனுசன்னு சொல்லுவாரு.”

நான் வெளியே பார்த்தேன். திருப்பத்தூர் வந்து போனது. கருவாட்டுக் கதையை நானும் அவனும் நினைத்திருப்போம்.

ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரவைத்துவிட்டு, சீட்டுப் போட அவன் மட்டும் போனான். திரும்பி வந்து தன் நோயாளி அட்டையை என் மடியில் வைத்தான். “நீ வச்சுக்க மாப்ள.” பெயர் தெரியாதபடி அதைக் கவிழ்த்து வைத்தேன். அவனுக்கு அந்தப் பக்கம் ராஜப்ரியா, கூடையைக் காலுக்கிடையில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் திறந்து ஒரு புது நர்ஸ் கூப்பிட்டாள். “நாகேந்திரன்.”

ராஜப்ரியா நிமிர்ந்தாள். “ஏங்க, ஒங்க பேரச் சொல்றாக. துணைக்கு வந்தவுக பேரயுமா கேப்பாக?”

அவன் முழங்கையால் என் விலாவை மெதுவாக இடித்தான். எனக்குப் புரிந்தது. நான் எழுந்து அட்டையோடு உள்ளே போக வேண்டும். துணைக்கு என்று அவன் பின்னால் வருவான். கதவு சாத்தியதும் ஆள் மாறிக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலை. இதைவிடப் பெரியதை எட்டுப் பேர் முன்னால் அவனுக்குச் செய்திருக்கிறேன். அட்டையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன்.

அப்போது என் வயிறு சத்தம் போட்டது. நீளமாக, அந்த வரிசைக்கே கேட்கும்படி. ராஜப்ரியா கேட்காதவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்னை அறியாமல் நாகேந்திரனைப் பார்த்தேன். சம்பந்தி என்னமோ கேக்குறாரு என்று அவன் சொல்லுவான் என்று, இத்தனைக்கும் பிறகு, எதிர்பார்த்திருக்கிறேன்.

அவன் அரை அடி தள்ளி உட்கார்ந்தான். மூக்கருகே கைக்குட்டையைக் கொண்டுபோனான்.

“நாகேந்திரன் இருக்காங்களா, இல்லையா?” என்றாள் நர்ஸ்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். அட்டையை நிமிர்த்தி, பெயர் தெரியும்படி அவன் மடியில் வைத்தேன்.

“ஒன்னத்தான் கூப்புடுறாக மாப்ள. போயிட்டு வா. நான் துணைக்கு இருக்கேன்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. ராஜப்ரியா குனிந்து அட்டையை வாசிக்க ஆரம்பித்தாள். பெயர், வயது, அதற்குக் கீழே வியாதியின் பெயர் இருந்த வரி. எனக்கே எழுத்துக் கூட்டினால் அது வந்துவிடும். அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?