டிமிக்கி தூக்கிய மூட்டை

அரைப்படியின் அப்பா கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் வேலை விட்டு வந்து பாயில் படுத்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, அடி இல்லை. "நெஞ்சு மேல என்னமோ உக்காந்திருக்கும்மா, தள்ளி விடு" என்பார். அவளும் கையால் தள்ளுவாள். அங்கே ஒன்றும் இருக்காது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு நன்றாகச் சாப்பிடச் சொன்னார். மெல்வதற்கே மூச்சு வாங்குகிற மனுசனிடம் வேறு என்ன சொல்வார், பாவம்.

அதற்குள் தெருவில் இன்னும் சிலர் அப்படி விழுந்திருந்தார்கள். செங்கல் சுமக்கிற அக்கா, பள்ளிக்கூடம் பெருக்குகிற அம்மாள். முதலில் விழுந்த தையல்காரர் போன வாரம் போயே போய்விட்டார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஆள். ஆனால் அவரைத் தூக்க நாலு பேர் போதவில்லை. இன்னும் நாலு பேர் வந்து முக்கி முனகித் தூக்கினார்கள். இது நோயில்லை என்று அன்றைக்குத்தான் தெருவுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? ஆளுக்கொரு பேச்சுப் பேசிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அரைப்படிக்குப் பதினைந்து வயது. ஆள் குள்ளம், அதனால்தான் அந்தப் பெயர். எல்லாரும் பேசியதைக் கேட்டுக் கேட்டு அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். விழுந்தவர்கள் எல்லாருமே, விழுந்த அன்றைக்கு, உடைந்த பாலத்து வழியாக வந்தவர்கள். இதைப் போய் அத்தை மகன் டிமிக்கியிடம் சொன்னாள். அவளைவிட ஒரு வயசு மூத்தவன். எந்த வேலையில் சேர்த்தாலும் டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். கிட்டங்கியில் சேர்த்த அன்று தண்ணீர் குடிக்கப் போனவன், மறுநாள்தான் திரும்பி வந்தான்.

"பாலத்துகிட்ட ஏதோ இருக்குடா. அதைக் கொல்லணும்."

"யாரு, நானா? நான் ஒரு கொசு அடிச்சாவது பாத்திருக்கியா?"

"வேலைவெட்டி இல்லாதவன் நீ ஒருத்தன்தான். வேற யாரைக் கூப்பிட?"

அவன் தலையைச் சொறிந்தான். "என்னைத் திட்டாத ஒரே ஆளு மாமாதான். அதுக்காக வரேன். ஆனா ஓடணும்னா உனக்கு முன்னாடி ஓடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

அவள் அப்பாவின் மூட்டைக் கொக்கியை எடுத்துக்கொண்டாள். அவன் தன் அம்மாவின் காய் நறுக்கும் கத்தியோடு வந்தான்.

"இதாலயா?"

"வெங்காயமே வெட்டாது. பாத்து பயந்தா சரி."

முந்தின நாள் பெய்த மழையில் பாலத்தடி சேறாகிக் கிடந்தது. உச்சி வெயில். பேயும் இல்லை, பூதமும் இல்லை. எதிரே ஒரு கிழவர்தான் கறுத்த மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு, முதுகு வளைந்து வந்தார்.

"அம்மா, ஒரு கை குடும்மா. கழுத்து ஒடியுது."

மூட்டை தூக்குகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம். சுமையோடு ஒருவன் கை கேட்டால் யோசிப்பதே கிடையாது. நாம் யோசிக்கிற நேரத்தில் அவன் கழுத்து போய்விடும். கொக்கி எப்போது கீழே விழுந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

டிமிக்கி வழக்கம்போலப் பின்னால் நின்று பராக்குப் பார்த்தான். சேற்றில் அவர்கள் இருவரின் கால் தடமும் ஆழமாகப் பதிந்திருந்தது. அவ்வளவு பெரிய மூட்டையோடு வந்த கிழவரின் தடம் ஒன்றுகூட இல்லை.

"ஏய், தொடாத!"

அதற்குள் அவள் விரல் மூட்டையின் முனையைத் தொட்டுவிட்டது. முழங்கால் மடங்கியது. நெஞ்சின் மேல் என்னவோ ஏறி உட்கார்ந்தது. அப்பா எதைத் தள்ளச் சொன்னார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் மடங்க மடங்கக் கிழவரின் முதுகு நிமிர்வதை டிமிக்கி பார்த்தான். கத்தியை எறிந்துவிட்டு ஓடினான். ஓடியது வீட்டுப் பக்கம் இல்லை. இருவருக்கும் நடுவில் புகுந்து குனிந்தான்.

"இந்தா பெருசு, ஆளுக்குக் கொஞ்சம் குடுத்து எல்லாரையும் படுக்க வைக்கிறியா? மொத்தமா என் மேல போடு."

"வேணாம்ப்பா. சின்னப் பையன் நீ."

"போடுய்யான்னா!"

மூட்டை அவன் முதுகில் இறங்கியது. அவன் கால்கள் நடுங்கின, அப்புறம் நின்றன. அவள் நெஞ்சு சட்டென்று லேசானது. கிழவர் நிமிர்ந்து, தன் கைகளையே புதிதாகப் பார்த்து அழுதார்.

"நானும் இப்படித்தான்ப்பா ஒருத்தர்கிட்ட வாங்கினேன். வருசக்கணக்கா யார்கிட்டயும் கை கேக்காமத்தான் இருந்தேன். ஒரு நாள் முழங்கால் மடங்கிடுச்சு, கேட்டுட்டேன். கேட்டவங்க எல்லாம் குடுத்தாங்க. நல்ல ஜனங்க." பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அதோடு அவர் மூச்சு நின்றது.

"இறக்கி வைடா" என்றாள் அரைப்படி.

"இறங்க மாட்டேங்குது."

"நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"கிட்ட வந்தா உதைப்பேன். மாமா இந்நேரம் எந்திரிச்சிருப்பாரு. நீ போய்ப் படுத்துக்கறதுக்கா?" அவனுக்கு மூச்சு இரைத்தது. "ஆளே இல்லாத பக்கமாப் போறேன். ஆள் இருந்தா கேட்டுருவேன். என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு? சின்னக் கஷ்டம்னாலே ஊரைக் கூட்டுறவன் நான்."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். அவன் ஓரடி பின்வாங்கினான்.

"அம்மாகிட்ட மட்டும் வழி சொல்லிடாத. நான் கேக்கவே வேணாம், பிடுங்கிக்குவா."

பாலத்தைத் தாண்டி வலது பக்கம், புல்லும் முளைக்காத கல்லுமேடு. அந்தப் பக்கம் ஏறினான். போன வழிச் சேற்றில் அவன் தடமும் விழவில்லை. ஒரு தடவை மட்டும் பாதி திரும்பி, "மூஞ்சியைத் துடை, சகிக்கல" என்றான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்து, தன் கையாலேயே சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா!" என்று அவளைப் பிடித்து இழுத்து உச்சந்தலையில் முத்தமிட்டார். தெருவே அழுதது, சிரித்தது.

கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தை, ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அண்ணே!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எங்கடி அவன்? உன்கூடத்தானே வந்தான்?"

அரைப்படி நடந்ததைச் சொன்னாள், அவன் போன வழியைத் தவிர. அத்தை அழவில்லை. புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"பாலத்தைத் தாண்டி எந்தப் பக்கம் போனான்?"

அத்தையின் கை விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. அரைப்படி அவற்றையே பார்த்தாள்.

"இடது பக்கம், அத்தை. சந்தை ரோட்டுல."

அத்தை ஓட்டமும் நடையுமாகப் போனாள். "இரும்மா, நானும் வரேன்" என்று அப்பா எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்து, தங்கச்சி பின்னால் நடந்தார். எழுந்து நின்ற முதல் நாள். கால்கள் இன்னும் பின்னிக்கொண்டன.

போகாதீங்க என்று சொன்னால், சொன்ன வழி பொய் என்று தெரிந்துவிடும். அரைப்படி அவர் குடித்து வைத்த சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.