ஞாயிற்றுக்கிழமை யார் சாவது?

என் புருஷன் கஸ் நோவாக்குக்குப் போர்க்களத்தில் சாகப் பிடிக்காது. அவனுக்கு மட்டுமல்ல, அவனுடைய பட்டாளத்தில் ஒருத்தனுக்கும் பிடிக்காது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. இவர்கள் கோடையில் நீலக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு அதை மறுபடி நடத்திக் காட்டுகிறவர்கள். அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்துவிட்டு, சொந்தக் காசில் வாங்கிய வெடிமருந்து தீர்வதற்குள் செத்து விழ யாருக்கு மனசு வரும்? விழுந்தால் சண்டை முடியும்வரை வெயிலில் கிடக்க வேண்டும். அதனால் நிழல் பார்த்து, சாணி பார்த்துத்தான் விழுவார்கள். கஸ் கேப்டன் ஆன நாளிலிருந்து விழுந்ததே இல்லை. கேட்டால், "நான் செத்தா உத்தரவு யாரு போடறது?" என்பான்.

இந்த வருஷம் அவனுக்குக் கொடிக் கவலை. இவர்கள் வேஷம் கட்டும் அறுபத்தோராவது விஸ்கான்சின் பட்டாளம் அந்தப் போரில் நிஜமாகவே சுமந்த பட்டுக்கொடி தலைநகரத்து அருங்காட்சியகத்தில் ஓர் இழுப்பறைக்குள் கிடக்கிறது. தொட்டால் உதிர்கிறது. அதைச் சீர்செய்து காப்பாற்றும் செலவில் பாதியை ஞாயிறு சாயங்காலத்துக்குள் நாங்கள் சேர்த்தால் மீதியை அவர்கள் போடுவார்கள். இல்லாவிட்டால் வாய்ப்பு வேறொரு கொடிக்குப் போய்விடும். இழுப்பறையைத் திறந்து காட்டியபோது, தன் மூச்சு பட்டு ஒரு நூல் போய்விடுமோ என்று கஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றானாம். எங்கள் வீட்டுக்கூரை ஒழுகுவதைப் பற்றி அவன் இந்த அளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம்வரை வறுத்த சாசேஜும் எலுமிச்சைச் சாறும் விற்றுப் பார்த்தோம். ஒன்றும் தேறவில்லை. அப்போதுதான் கஸ்ஸின் மூளை வேலை செய்தது. பட்டாளத்தார் ஒவ்வொருவரும் இடுப்பில் தொங்கவிடும் தகரக் குவளையைக் கழற்றச் சொன்னான். ஒரு பலகையில் வரிசையாக வைத்தான். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான்.

"வாங்க, வாங்க! யார் குவளையில அதிகக் காசு விழுதோ அவன் நாளைக்கு முதல் ஆளாச் சாவான்! உங்க மச்சான் இருக்கானா? கடன் வாங்கித் திருப்பித் தராதவன் இருக்கானா? போட்டுத் தள்ளுங்க!"

கூட்டம் அலைமோதியது. கொடி பிடிக்கிற லைலுக்கு அவனுடைய சொந்தப் பெண்டாட்டியே இருபது டாலர் போட்டாள்.

"அடிப்பாவி! நான் எறும்புப் புத்துல கிடக்கணுமா?" என்று லைல் கத்தினான்.

"வீட்ல சோபாவுல கிடக்கறதுக்கு இது தேவலை" என்றாள் அவள்.

பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டுகளை மடித்துக்கொண்டிருந்த நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு சாமர்த்தியமா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிரிப்புக்கு நடுவே ஒரு பெண்மணி வந்து வரிசையின் கடைசியில் ஒரு குவளையை வைத்தாள். உள்ளே சில நோட்டுகள் இருந்தன. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. நான் "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு மடிப்பதைத் தொடர்ந்தேன்.

கஸ் அந்தக் குவளையை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டினான். "பாருங்கய்யா, புதுசா ஒருத்தன் மாட்டினான்! வரும்போதே காசோட வந்திருக்கான், சாகறதுக்கு அவ்வளவு அவசரம்! இவனை யாரு கொல்றீங்க?"

ஜனங்கள் சிரித்தார்கள். யாரோ ஒரு டாலரைச் சுருட்டி எறிய, சரியாக உள்ளே விழுந்தது. கைதட்டல். இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். யார் குவளை என்று பார்க்க கஸ் அதைத் திருப்பினான். எங்கள் ஆட்கள் அடியில் ஆணியால் பெயரைக் கீறி வைப்பார்கள்.

"ஆகக்கூடி நாளைக்குச் சாகப்போறது யாருன்னா... கெல்வின் ஹௌ..." என்று ஒலிபெருக்கியில் படித்தவன் நிறுத்திவிட்டான்.

கெல்வின் ஹௌக் எங்கள் பட்டாளத்து ஆள். அவன் ஒருவன்தான் சந்தோஷமாகச் சாகிறவன். குட்டிக்கரணம் போட்டு விழுந்து சனங்களைச் சிரிக்க வைப்பான். பிறகு நிஜப் பட்டாளத்தில் சேர்ந்து ஆஃப்கானிஸ்தான் போனான். பெட்டியில் திரும்பி வந்தான். அவன் அடக்கத்தில் எங்கள் ஆட்கள் நீலக் கோட்டோடு நின்று துப்பாக்கி மரியாதை செய்தார்கள். கஸ் அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பட்டாளம் உங்களை மறக்காதும்மா" என்றான். நானும் பக்கத்தில் நின்று அழுதேன்.

அந்த அம்மாதான் லோரேன். பலகைக்கு அந்தப் பக்கம், நான் எட்டித் தொடும் தூரத்தில் நின்றாள். எங்கள் இரண்டு பேருக்குமே அவளை அடையாளம் தெரியவில்லை.

மைதானம் அடங்கிப்போனது. கஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்தப் பலகைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் கையால் மூடிக்கொண்டேன்.

"அம்மா..." என்றான் கஸ். அவ்வளவுதான் வந்தது. குவளையை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

லோரேன் வாங்கவில்லை. "கொடிக்குன்னு வசூல் பண்றீங்கன்னு சொன்னாங்க. வரிசையா குவளை இருந்துச்சு. அவனோடதும் சேர்ந்து இருக்கட்டும்னு வெச்சேன். விளையாட்டுன்னு தெரியாது."

"தப்புப் பண்ணிட்டேம்மா. எடுத்துட்டுப் போயிடுங்க."

"காசு கொடிக்குத்தானே, இருக்கட்டும்" என்றாள். பிறகு, "ஆனா நாளைக்குச் சாகறதுலேர்ந்து அவனை விட்டுருங்க. ஒரு தரம் போதும்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு சனங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கெல்வினின் குவளையில் போட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அது நிரம்பி வழிந்தது. லைல் தன் தொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தான், அதுவும் நிறைந்தது. பொழுது சாய்வதற்குள் கொடிக்கான தொகை சேர்ந்துவிட்டது. இப்படியா சேர வேண்டும்? அந்தக் காசைத் தொடவே எனக்குக் கூசியது. வண்டியில் வீட்டுக்குப் போகும்போது கஸ் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"அவங்க முகத்தைக்கூட நான் பாக்கலை, இல்ல?"

"நானும் பாக்கலை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லோரேன் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே முன்வரிசையில் நின்றாள். சண்டை ஆரம்பித்து எதிர்ப்பக்கம் முதல் வெடி வெடித்ததுமே கஸ் விழுந்தான். நிழல் பார்க்கவில்லை, வெட்டவெளியில் குப்புற விழுந்தான். பட்டாளமே திகைத்து நின்றது. உத்தரவு போட ஆளில்லாமல் லைல்தான் கொடியோடு முன்னே போனான். கஸ்ஸின் இடுப்பில் கெல்வினின் குவளை தொங்கியது.

சண்டை முடிந்ததும் பிகில் ஊதுவார்கள். அதுதான் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டதும் செத்தவர்கள் எல்லாரும் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்கள், கூட்டம் கைதட்டும். எத்தனையோ வருஷமாக அந்த நேரத்தில் நானும் கைதட்டியிருக்கிறேன்.

பிகில் ஊதியது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். கஸ் மட்டும் எழவில்லை. வெயிலில் மயங்கிவிட்டானோ என்று பயந்து கயிற்றைத் தாண்டி ஓடினேன். கண் திறந்துதான் இருந்தது. கன்னமெல்லாம் மண்.

"எழுந்திரு கஸ். எல்லாரும் எழுந்துட்டாங்க."

அவன் கண் கயிற்றுப் பக்கம், லோரேன் நின்ற இடத்தில் இருந்தது.

"அவங்க பாத்துக்கிட்டிருக்காங்க" என்றான். "அவங்க கண்ணு முன்னாடி நான் எப்படி எழுந்திருப்பேன்?"