உதட்டில் அடித்த பெயிண்ட்

பட்டறைக்குள் அரம் தேய்க்கிற சத்தம் கேட்டதுமே சின்னவள் உள்ளே ஓடினாள். அவள் வரைந்த தண்டில் அரத்துக்கு வேலையே கிடையாது.

படுக்கையோடு கிடப்பவர்களைத் துணித்தொட்டிலில் வைத்துத் தூக்கி நாற்காலிக்கு மாற்றுகிற ஸ்டாண்டு அது. அதன் தண்டு இரண்டு அலுமினியத் துண்டு. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி மேலே நீளும். இரண்டின் ஓரத்திலும் கொக்கிபோல் வளைந்த உதடுகள். அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் தொங்குகிற ஆள் பத்திரம். அந்தக் கவ்வலுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள். நடுவில் விட்ட இடைவெளி ஒரு காகிதம் நுழையுமளவுதான். அதனால்தான் வரைபடத்தில், 'உதட்டில் பெயிண்ட் கூடாது, டேப் ஒட்டிவிட்டு அடிக்கவும்' என்று சிவப்பில் கொட்டைகொட்டையாக எழுதியிருந்தாள்.

யார் கேட்டார்கள்? பட்டறை முதலாளி வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்தான். டேப் ஒட்டினால் நேரமாகிறதென்று முழுசாகவே பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டான். தண்டு இறுகிப்போய் நகர மாட்டேன் என்றது. உடனே அரத்தை எடுத்து, பெயிண்டோடு உதட்டையும் சேர்த்துத் தேய்த்தாயிற்று.

"யாருண்ணா இதைத் தேய்க்கச் சொன்னது?"

"நீ டைட்டா வரைஞ்சு வச்சுட்டே. நாங்க சரி பண்ணிக்கிட்டோம்."

வந்ததே கோபம் அவளுக்கு! செய்வதையும் செய்துவிட்டுப் பழியைத் தூக்கி அவள் தலையில் போடுகிறானே, இந்த அநியாயம் எங்கேயாவது உண்டா?

"டைட்டா? பெயிண்டை அப்பினது யாரு? உதடு பாதி போச்சுண்ணா! கனமான ஆள் தொங்கித் தண்டு கொஞ்சம் சாஞ்சாப் போதும், கவ்வல் விட்டு ஆளோட கீழ வந்துடும்."

"வந்துட்டா பெரிய விஞ்ஞானி. உள்ளே இருக்கிறதை யாரு எட்டிப் பார்க்கப் போறா? சாயங்காலம் லாரி கிளம்பணும். சும்மா தொணதொணக்காம சாப்பிடப் போ."

வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. அவள் காலை உதைத்து உதைத்து நடந்து போனாள். உள்ளறையில் இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுத்திருந்தாள். கட்டிலருகே புது ஸ்டாண்டு ஒன்று நின்றது. காலையில் அண்ணன் கொண்டுவந்து வைத்ததாம்.

"ஊருக்கெல்லாம் பளபளன்னு பெயிண்ட் அடிச்சு அனுப்புறான், பெத்தவளுக்கு மட்டும் மொட்டையா ஒண்ணு. பார்த்தியா உங்கண்ணன் லட்சணத்தை?" என்றாள் அம்மா.

சின்னவள் தண்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். அரம் படவே இல்லை. உதடு முழுசாக, அவள் வரைந்தபடியே இருந்தது. அட பாவி! தெரியாமல் செய்தான் என்றாலாவது மனசு ஆறியிருக்கும். இவன் எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணன் சாப்பிட வந்து, அறை ஓரத்துக் குழாயில் கை கழுவினான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, அம்மா பெயிண்ட் அடிச்சது கேக்குறாங்க. லாரியில ஏத்தினதுல ஒண்ணை இறக்கிக் கொண்டு வா. அதுலயே தூக்கிக்கலாம்."

"அதெல்லாம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? எல்லாம் சரி பண்ணிட்டேன்னியே?"

"அம்மாவை அதுல தூக்க வேண்டாம்னா விடேன்!"

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. குழாயை மூடாமல் அப்படியே நின்றான்.

"ஏண்டா," என்றாள் அம்மா, தலையைத் தூக்க முடியாமல் கூரையைப் பார்த்தபடியே, "எனக்கு ஆகாததையா மத்தவங்க வீட்டுக்கு அனுப்புறே?"

சின்னவள் லாரி டிரைவரின் எண்ணைப் போட்டு, போனை அவன் முன்னால் நீட்டினாள்.

"இப்ப என்கிட்ட கத்தினியே, அதையே அவர்கிட்ட சொல்லி லோடை இறக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான்.