பூட்டும் முன்பே போன எழுத்து

மருந்துக்கடைக்காரர் மதியம் வருவார். நோயாளிகளின் பெயரைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் மென்பொருள் அவருக்குப் பிடித்தால்தான் சகோதரிகளுக்கு அந்த வேலை கிடைக்கும். பூட்டும் பகுதி அக்கா எழுதியது; திறக்கும் பகுதி தங்கை எழுதியது. ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன. தமிழில் பெயரைப் போட்டால் வெறும் கேள்விக்குறிகள்.

“உன் சாவிதான்டி தப்பு,” என்றாள் அக்கா.

“சாவி தப்புன்னா கன்னாபின்னான்னு குப்பை வரும். இது வரிசையா கேள்விக்குறி. பூட்டறதுக்கு முன்னாடியே எழுத்து போயிடுச்சுக்கா. எழுத்தை கம்ப்யூட்டருக்குப் புரியற எண்ணா, பைட்டா மாத்த என்ன குறியீடு போட்டே?”

அக்கா திரையைப் பார்த்தாள். ஆஸ்கி என்றிருந்தது. ஆங்கிலத்தைத் தாண்டி எதுவும் அறியாத அந்தக் குறியீடு ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கேள்விக்குறி போட, அவற்றைத்தான் மென்பொருள் பத்திரமாகப் பூட்டியிருந்தது.

“அசடு வழிஞ்சது போதும், மாத்து,” என்றாள் தங்கை. இரண்டு பக்கமும், எல்லா மொழி எழுத்தையும் அறிந்த யூடிஎஃப்-8 குறியீடு ஆனது.

மருந்துக்கடைக்காரர் வந்ததும் தன் மனைவியின் பெயரையே அடித்துப் பூட்டினார்; திறந்தார். காலும் கொம்பும் புள்ளியும் குறையாமல் வந்து நின்றது.

“இவளைப் பூட்டி வெச்சேன்னு வீட்டுல சொல்லிடாதீங்கம்மா,” என்று சிரித்தார். “நாளைக்கே கடையில போட்டுக் குடுங்க.”