பக்கிரிசாமியின் பங்கு அரிசி

பக்கிரிசாமி சயாமில் இறந்துவிட்டான் என்பதைக் கோலா கெத்தில் தோட்டத்தில் அறிந்திருந்தவள் அவன் மனைவி மருதம்மாள் ஒருத்தியே. அங்கே ஜப்பானியர் போட்ட ரயில்பாதை வேலையிலிருந்து தப்பிப் பாலிங் காட்டு வழியாக வந்த பழனியாண்டி, பால்மரக் காட்டில் அவளைத் தனியே கண்டு செய்தியைச் சொன்னான். பக்கிரிசாமியும் பக்கத்து வீட்டுச் சின்னையாவும் பேதி கண்டு ஒரே நாளில் இறந்தார்கள். ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். சொன்னவன் தஞ்சோங் டாவாய்ப் பக்கம் போய் மறைந்துவிட்டான்.

மருதம்மாள் அழவில்லை. அழுதால் தாலியைக் கழற்ற வேண்டும். கழற்றினால், சயாமுக்குப் போனவனின் பெயரில் தோட்டத்து ஆபீசில் அளக்கும் அரிசி நின்றுவிடும். மூன்று வயது மகளுக்கு மரவள்ளிக்கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை; வயிறு உப்பியிருந்தது. ஆகவே நாள்தோறும் விடியலில் குங்குமம் இட்டுக்கொண்டு ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் மற்றப் பெண்களோடு பெயர் கொடுக்க நின்றாள்.

ஆடி அமாவாசையன்று மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு கைப்பிடிச் சோற்றை இலையில் வைத்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பின்புறம் நின்று காகத்தை அழைத்தாள். இறந்தவர் விரும்பியதைப் படைப்பது வழக்கம். இலையோரத்தில் ஒரு துண்டுச் சுருட்டு இருந்தது. வேலை வாங்கும் மண்டோர் ராமையா அதைப் பார்த்துவிட்டான்.

"யாருக்குப் புள்ள படையலு?"

"எங்கப்பாவுக்குண்ணே."

"ஒங்கப்பன் சுருட்டத் தொட்டதே இல்லலா. எங்கிட்டயே கத விடுறியா? சாயங்காலம் எங்க வூட்டுப் பக்கம் வா. வரலேன்னா ஆபீசுல சொல்லிடுவேன்."

அவள் போகவில்லை. மறுநாள் பெரட்டிலேயே ஜப்பானியச் சிப்பாய்கள் அவளைக் கூந்தலைப் பற்றி இழுத்து லாரியில் ஏற்றினார்கள். குழந்தையைச் சின்னையாவின் மனைவி செல்லாயி வாங்கிக்கொண்டாள்.

பட்டணத்து லாக்கப்பில் பெண்களுக்கென்று இருந்த அறையில் வேறு எவரும் இல்லை. பிரம்பால் அடித்தவர்களின் மொழி அவளுக்குப் புரியவில்லை. அவள் கதறியது அவர்களுக்குப் புரியவில்லை. அடி ஓய்ந்த வேளைகளில் யாரும் அவளைப் பார்க்கவும் வரவில்லை. ஐந்தாம் நாள், மொழிபெயர்ப்பதற்காகக் கடைக்காரர் நாகூர் மீரானை அழைத்துவந்தார்கள். தமிழைக் கேட்டதும் அவள் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, நல்லாக் கேட்டுக்க. ஒம்புருசன் மவுத்துன்னா, செத்தவன் அரிசியத் திருடுனவ நீ. அலோர் ஸ்டார் ஜெயிலுதான். உசுரோட இருக்கான்னா குத்தமே இல்ல. தாலியத் தொட்டுச் சொல்லு, இந்த ஜப்பான்காரன் ஒத்துக்குவான்."

"பொய்ச் சத்தியமா பாய்?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலம்மா. புள்ளைக்கு வேற யாரு இருக்கா?"

ஜப்பானிய அதிகாரி மேசையைத் தட்டினான். மருதம்மாள் தாலியைக் கையில் பற்றினாள்.

"எம்புருசன் உசுரோட இருக்காரு."

அன்று பிற்பகலே விட்டுவிட்டார்கள். அவள் தோட்டத்துக்கு நடந்து வந்து சேர்வதற்குள், ஆபீசுக் கணக்கெழுதும் கிராணியின் வாய்வழியாகச் செய்தி லயம் முழுவதும் பரவியிருந்தது. செல்லாயி, இடுப்பில் குழந்தையோடு எதிரே ஓடிவந்தாள். செல்லாயியின் வீட்டு வாசலில் கட்டிய துணிமூட்டை ஒன்று கிடந்தது.

"அக்கா! அண்ணன் இருக்காராமே! வயித்துல பால வாத்தக்கா. அவுங்க ரெண்டு பேரும் ஒரே லாரியிலதானே ஏறுனாங்க, எங்க ஆளப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா? பாலிங்குல எங்கண்ணன், அங்க கெடந்து பட்டினியில சாவாத, இங்க வந்துருன்னு ஆளு மேல ஆளு விடுறாரு. இன்னிக்கிக் கெளம்பிறதாத்தான் இருந்தேன். அவுரு திரும்பி வந்து வூடு பூட்டிக் கெடந்தா என்னாவும்? நீயே சொல்லு. இருக்கவா, போவவா?"

தண்ணீர்க் குழாயருகே ராமையா நின்று, இருவரையும் கவனித்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் செல்லாயி அந்த இடத்திலேயே மார்பில் அறைந்துகொண்டு விழுவாள். மருதம்மாள் மகளைக் கைநீட்டி வாங்கினாள். இந்த ஐந்து நாளில் குழந்தை மேலும் இளைத்திருந்தது.

"ஒங்க ஆளும் இருக்காரு செல்லாயி," என்றாள். "நீ இரு."

செல்லாயி சிரித்துக்கொண்டே ஓடிப்போய் மூட்டையை அவிழ்த்தாள். அதிலிருந்த கணவனின் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

மருதம்மாள் அடுப்பை மூட்டுவதற்குள் சயாமுக்குப் புருஷனை அனுப்பியிருந்த இன்னும் மூன்று பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.